மூன்றாம் ஓலைக்கு முன்

மக்களே, என் மகனே, போன ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில் உன்னுடைய முதல் ஓலையை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறுகள் கோயிலில் வாசிக்கிற அறிவிப்புக்கு நம் பக்கத்தில் இன்னும் ஓலை என்றுதான் பேர். இன்னாருடைய மகனுக்கும் இனயம் பங்கைச் சேர்ந்த இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, இதற்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று ஃபாதர் வாசித்தார். விவரம் தெரிந்த நாள்முதல் நான் கேட்டுவருகிற வாசகம்தான். யாருக்கோ வாசிப்பார்கள், பெண்கள் பக்கத்தில் நாங்கள் தலையைத் திருப்பி யார் வீட்டுப் பிள்ளை என்று பார்ப்போம், அவ்வளவுதான். தடை என்றால் ஏற்கெனவே முடிந்த ஒரு கல்யாணம், அல்லது கட்டக்கூடாத நெருங்கிய சொந்தம். அதற்குமேல் அந்தச் சொல்லுக்கு நான் அர்த்தம் தேடியதில்லை. உன் பெயர் வந்ததும் பக்கத்து வீட்டு மேரியக்கா என் தொடையில் ஒரு அடி அடித்தாள். "ஏட்டி, மாமியாராவப் போற, கொஞ்சம் சிரியேன். மொகத்தப் பாத்தா அடக்கப் பூசைக்கு வந்தவ மாதிரியில்லா இருக்கு."

சிரித்துவைத்தேன். இன்னும் இரண்டு ஞாயிறுகள் இருக்கின்றன. மூன்றாம் ஓலை வாசிப்பதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் நீ ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். அது என்ன காரியம் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்பதுதான் உனக்குத் தெரியாது.

ஓலை வாசிக்க உன் ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும் என்று ஃபாதர் கேட்டிருந்தார். நீ சென்னையில் இருப்பதால் உன் சர்டிபிகேட் கோப்பை நானே எடுத்துத் திறந்தேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்குப் பின்னால், அதே பிளாஸ்டிக் உறைக்குள், நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. குவைத் வேலைக்காகப் போன மாதம் திருவனந்தபுரத்தில் நீ எடுத்த மெடிக்கல் பரிசோதனையின் முடிவு. ஹெப்படைட்டிஸ் பி என்று அச்சடித்த இடத்துக்கு நேரே பாசிட்டிவ். அடியில் 'அன்ஃபிட்' என்று ஒரு முத்திரை. எங்களிடம் நீ சொன்னது வேறு. "கம்பெனிக்காரன் விசாவக் கேன்சல் பண்ணிட்டான்மா, விடுங்க, வேற பாப்போம்" என்றாய். நானும் விட்டேன். இப்போது அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உன் கட்டிலில் உட்கார்ந்தபோது எனக்கு முதலில் பயமோ கோபமோ வரவில்லை. மடித்த விதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் இதேபோல நாலாக மடித்த, இதே முத்திரை குத்திய காகிதம் ஒன்று என்னிடமும் இருக்கிறது. ஒன்பது வருடங்களாக, என் கல்யாணச் சேலைக்கு அடியில்.

நீ இந்த ஒரு மாதமாக எதையெல்லாம் நினைத்துக் குமைந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். எங்கே வாங்கினோம், யாரிடமிருந்து வந்தது, முடி வெட்டிய கடையா, பல் பிடுங்கிய இடமா, கல்லூரியில் ரத்தம் கொடுத்ததா என்று ஒவ்வொன்றாகப் புரட்டியிருப்பாய். நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. அநேகமாக அது என்னிடமிருந்து வந்தது, நீ பிறந்த அன்றே. பிரசவத்தின்போது தாயின் ரத்தத்திலிருந்து பிள்ளைக்குப் போகும் வைரஸ் அது. அப்படிப் போனால் பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் உடம்பிலேயே தங்கிவிடும் என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அவர் அதைச் சொல்லி நாலு வருடம் ஆகிறது. நான் உன்னிடம் சொல்லவில்லை. கடிதத்தின் மிச்சம் முழுவதும் ஏன் சொல்லவில்லை என்பதுதான். சாக்குச் சொல்வதற்காக எழுதவில்லை. நான் நடந்த வழியில் நீ இரண்டாவது அடியை எடுத்துவைத்திருக்கிறாய், அது எங்கே போய் முடியும் என்று நான் கண்டிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

2004-இல் மஸ்கட்டில் ஓர் இந்தியப் பள்ளிக்கூடத்தில் எனக்கு அறிவியல் ஆசிரியை வேலை கிடைத்தது உனக்கு ஞாபகமிருக்கும். அப்பா அங்கே வேலைக்குப் போய் அப்போது பத்து வருடம். நீ பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாய். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கப்போகிறோம் என்று நீ ஒரு உலகப் படத்தை வாங்கிவந்து சுவரில் ஒட்டினாய். மெடிக்கலுக்குப் போன இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பையன் காகிதத்தைத் தள்ளிவிட்டு, "அன்ஃபிட் ஆக்கும். கல்லீரல் டாக்டரப் பாருங்க, வீட்டில உள்ளவங்களுக்கும் டெஸ்ட் எடுத்திருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கல்லீரல் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனால் அன்று எனக்குக் கேட்டது அன்ஃபிட் என்ற ஒரு சொல் மட்டும்தான். பஸ்ஸில் வரும்போது கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன், உள்ளே இருக்கிற காகிதம் வெளியே தெரிந்துவிடும் என்பதுபோல. சாயங்காலம் அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் சொன்னார்: "யாருட்டயும் மூச்சு விடாத, கேட்டியா? இது வெளிய தெரிஞ்சா நாளைக்கு நம்ம பயலுக்கு எவன் பொண்ணு தருவான்?" உனக்கு அப்போது பதினாறு வயது. மீசைகூட ஒழுங்காக முளைத்திருக்கவில்லை. உன் கல்யாணத்தை நினைத்துத்தான் நாங்கள் அதை மறைக்கத் தொடங்கினோம்.

ஊரில் எனக்கு ரத்தம் குறைவு என்று சொன்னோம். மேரியக்கா ஒரு மாதம் முருங்கைக்கீரை கொண்டுவந்து தந்தாள். நீ அந்த உலகப் படத்தைக் கிழிக்காமல், பசை விட்டுத் தானாக உரியும்வரை விட்டுவைத்திருந்தாய். அந்த வருடமே உன் பள்ளியில் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி முகாம் நடந்தது. பெற்றோர் கையெழுத்துக்காக நீ ஒரு படிவத்தைக் கொண்டுவந்தாய். சமையலறையில் நின்று அதை நான் மூன்று முறை படித்தேன். இதுதான் கடவுள் காட்டிய வழி, யாருக்கும் தெரியாமல் காரியம் முடிந்துவிடும் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். நீ மூன்று ஊசியும் போட்டுக்கொண்டாய். அன்றோடு உன்னைப் பற்றிய கவலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். வைரஸ் ஏற்கெனவே உள்ளே இருக்கிறவனுக்கு அந்த ஊசியால் ஒரு பிரயோஜனமும் இல்லை, முதலில் ரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். பார்த்தால் தெரிந்துவிடுமே என்றுதான் பார்க்கவில்லை.

என் காலில் பொட்டுகள் வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. முதலில் கணுக்காலைச் சுற்றிக் கடுகு தூவியதுபோலச் சிவப்பாக வந்தது. நாள் முழுக்க வகுப்பில் நின்றால் முழங்கால்வரை ஏறும். அமுக்கினால் மறையாது. ஒரு வாரத்தில் பழுப்பாகி, கறையை விட்டுவிட்டுப் போகும், பிறகு திரும்ப வரும். தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார். பிறகு விரல் மூட்டுகள் வீங்கின. சாக்பீஸைப் பிடிக்க முடியாமல் ஒருநாள் பிள்ளைகளிடமே கொடுத்து எழுதச் சொன்னேன். எலும்பு டாக்டர் வாதம் என்றார். இரண்டு பேரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "இதுக்கு முன்னால பெரிய நோய் ஏதாவது வந்திருக்கா? மஞ்சக்காமாலை, அது மாதிரி?" இரண்டு பேரிடமும் இல்லை என்றேன். பொய் சொல்கிறேன் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கண் மஞ்சளாகவில்லை, வயிறு வலிக்கவில்லை, கல்லீரல் அதன் இடத்தில் சும்மா கிடக்கிறது, மூட்டு வலிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அறிவியல் டீச்சரின் மனசு அப்படித்தான் வேலை செய்தது. பாடப் புத்தகத்தில் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனிப் படம், தனித்தனிப் பக்கம்.

மார்த்தாண்டத்தில் ஒரு வர்ம வைத்தியரிடமும் போனேன். நல்லெண்ணெய் வாசனை வீசுகிற சின்ன அறை. அவர் என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, ஒவ்வொரு பொட்டாக விரலால் தொட்டுப் பார்த்தார். எண்ணெய்க் குப்பியைத் திறக்கவே இல்லை. "டீச்சரே, எண்ணெ போட்டுத் திரும்மினா ரெண்டு நாளு சொகமா இருக்கும், நீங்களும் என்னய நல்ல வைத்தியன்னு சொல்லுவிய. ஆனா இது வர்மத்துல உள்ள தீனம் இல்ல. ரத்தத்துல என்னமோ கெடக்கு. எனக்கிட்ட ஒண்ணு மறைக்கிய. மறைச்சுக்கிடுங்க, ஆனா ஆஸ்பத்திரியில மறைக்காதிய." எனக்கு முகம் சுட்டது. "நான் என்னத்த மறைக்கப்போறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். படித்தவளிடம் ஒரு வைத்தியன் இப்படிப் பேசுவதா என்ற கோபம். அவர் சொன்னது சரி என்பதால் வந்த கோபம் அது என்று ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு ஆஸ்பத்திரிப் படுக்கை தேவைப்பட்டது.

வலி தாங்காமல் போனபோது எலும்பு டாக்டர் ஒரு சின்ன மாத்திரை எழுதினார். ஸ்டீராய்டு. மூன்றே நாளில் விரல்கள் மடங்கின, பொட்டுகள் மறைந்தன. பசி எடுத்தது. மேரியக்கா, "எந்தக் கடை அரிசி திங்க? கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி வந்திட்டே" என்று கேலி செய்தாள். நன்றாக ஆகிவிட்டேன் என்று மாதக்கணக்கில் அதையே வாங்கி விழுங்கினேன். உடம்பின் காவலை அடக்கிவைக்கிற மாத்திரை அது. காவல் அடங்கியதும் உள்ளே இருந்த வைரஸ் தடையில்லாமல் பெருகியது. வலது பாதத்தின் நுனி மரத்துப்போனது. சிறுநீர் சோப்புத் தண்ணீர்போல நுரைத்தது. காலையில் முகமும் சாயங்காலம் காலும் வீங்கின. கடைசியில் 2009-இல் ஒரு திங்கட்கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், ஒங்க கண்ணு மஞ்சளா இருக்கு" என்றது. அந்த எலும்பு டாக்டரை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்டார். நான் இல்லை என்றேன்.

திருவனந்தபுரத்தில் என்னைச் சேர்த்திருந்தபோது நீ கல்லூரியிலிருந்து வந்து என் கட்டிலருகே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாய். ஆரஞ்சுச் சுளையின் நரம்பைக்கூட உரித்து வாயில் வைத்தாய். அம்மாவுக்குக் கிட்னியில் கோளாறு என்று மட்டும் உன்னிடம் சொன்னோம். நீ டீ வாங்க வெளியே போயிருந்த நேரத்தில்தான் அந்தக் கிட்னி டாக்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னைவிட வயதில் சின்னவர். பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசுவார். "டீச்சரே, பேடிக்கண்டா, பயப்படாம சத்தியம் மட்டும் சொல்லுங்க. இந்த வைரஸ் இருக்குன்னு உங்களுக்கு முன்னமே தெரியும், இல்லயா?" என்றார். தெரியும் என்றேன். ஐந்து வருடத்தில் அந்தச் சொல்லை நான் சொன்னது அன்றுதான். அவர் திட்டவில்லை. என் கேஸ் அட்டையின் பின்பக்கத்தில் படம் வரைந்து விளக்கினார், நான் பிள்ளைகளுக்கு வரைவதுபோலவே.

அவர் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், நன்றாக மனசில் வாங்கிக்கொள். வைரஸ் குடியிருப்பது கல்லீரலில். அதைப் பிடிப்பதற்காக உடம்பு விடாமல் ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. விரட்டவும் முடிவதில்லை, விட்டுவிடவும் முடிவதில்லை. வைரஸின் துணுக்கும் அதைப் பிடிக்கப்போன பொருளும் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு ரத்தத்தோடு ஓடுகின்றன. ரத்தக்குழாய் எங்கே மெல்லிசாக இருக்கிறதோ அங்கே போய் அடைகின்றன. தோலில் அடைந்தால் பொட்டு. மூட்டில் அடைந்தால் வீக்கம். நரம்புக்குப் போகிற குழாய் கெட்டால் மரப்பு. கிட்னியின் வடிகட்டியில் அடைந்தால் சத்து ஒழுகி நுரை. எல்லாருக்கும் இப்படி வருவதில்லை, சிலருக்கு வரும். "சண்டை நடக்கறது ஒரு வீட்டிலயாக்கும் டீச்சரே. எறியற கல்லு போய் அடுத்த வீட்டு ஓட்டில விழுது. நீங்க இத்தன நாளும் ஓடு மட்டும் மாத்திக்கிட்டு இருந்திருக்கிங்க." வைரஸை அடக்குகிற மாத்திரையைத் தொடங்கினார். தினம் ஒன்று, வெறும் வயிற்றில். நான் காலையில் எழுந்ததும் விழுங்குகிற மாத்திரை கிட்னிக்கு என்றுதானே நினைத்திருந்தாய்? அது இதற்குத்தான். பொட்டுகள் நின்றன, நுரை மெல்ல மெல்லக் குறைந்தது. பாதத்தின் மரப்பு மட்டும் போகவில்லை. காலில் பழுப்புக் கறையும் போகவில்லை.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று அவர் மறக்காமல் கேட்டார்: "மகனுக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" "தடுப்பூசி போட்டாச்சு டாக்டர்" என்றேன். "ஊசி போட்டது போதாது, ரத்தம் பாக்கணும்." தலையாட்டினேன். நீ வாசலில் ஆட்டோ பிடித்துக்கொண்டு, "அம்மா, பைய எறங்குங்க" என்று கை நீட்டி நின்றாய். எப்படிச் சொல்வது? நீ எனக்கு ஆரஞ்சு உரித்துத் தந்த கையைப் பார்த்து, உன் ரத்தத்திலும் இதை நான் போட்டிருக்கலாம் என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், பரீட்சை முடியட்டும், வேலை கிடைக்கட்டும் என்று தள்ளித் தள்ளி நாலு வருடம் போனது. உனக்குச் சொல்ல வேண்டியதை நான் சொல்லவில்லை. கடைசியில் முன்பின் தெரியாத ஓர் ஆள் ஒரு முத்திரையால் சொன்னான்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். நிச்சயதார்த்தமான ஒத்துக்கல்யாணத்தன்று இனயம் கோயிலிலிருந்து வெளியே வந்தபோது என் வலது கால் செருப்பு கழன்றது எனக்குத் தெரியவில்லை. மரத்த பாதத்துக்குச் செருப்பு இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். ஒற்றைக் காலில் செருப்போடு மணலில் பத்தடி நடந்துவிட்டேன். கையில் அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தது அவள்தான், நிச்சயப் பட்டுச்சேலையோடு. "மாமி, செருப்ப விட்டுட்டுப் போறிய, காலு சுடலியா?" என்று சொல்லிக் குனிந்து மாட்டப் போனாள். நான் தடுப்பதற்குள் சேலை விளிம்புக்குக் கீழே கறையைப் பார்த்துவிட்டாள். "இதென்ன மாமி, காலு முழுக்கப் பொட்டு?" "கொசு கடிச்சதாக்கும் மக்களே" என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஒங்க ஊரு கொசுவு காலுக்கு மேல ஏறாதோ?" கேலிதான். ஆனால் அவள் நம்பவில்லை என்பது தெரிந்தது. நம்பாமலும் என் கையை விடாமல் கார்வரை கூட்டிக்கொண்டு வந்தாள். நேராகக் கேட்டவளிடம் நேராகப் பொய் சொன்னேன், அதுவும் நம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே. அன்று உன் ரிசல்ட் எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். இனி அந்தப் பொய்யோடு அவளை நான் வீட்டுக்குள் ஏற்ற மாட்டேன்.

உன் காரியம் தடையில்லை, மக்களே. இந்த வைரஸ் உள்ளவர்கள் கல்யாணம் பண்ணுகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், வேலை செய்கிறார்கள். ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, கட்டிப்பிடித்தால் வராது. ரத்தத்தாலும் தாம்பத்தியத்தாலும் பிரசவத்தாலும் வரும். உன் ரேசரையும் பல் பிரஷையும் தனியாக வைத்துக்கொள். அவளுக்கு முதலில் ரத்தப் பரிசோதனை, பாதுகாப்பு இல்லையென்றால் தடுப்பூசி. முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. அதுவரை எப்படிக் கவனமாக இருப்பது என்பதை டாக்டரிடம் வெட்கப்படாமல் இரண்டு பேரும் சேர்ந்து கேளுங்கள். கல்யாணத்தைத் தள்ளி வைக்க வேண்டுமென்றால் தள்ளி வைப்போம், மண்டபத்துக்காரனிடம் நான் பேசிக்கொள்கிறேன். எனக்கு அந்த ஊசி கிடைக்கவில்லை, எனக்கு யாரும் சொல்லவும் இல்லை. அவளுக்கு ஊசியும் இருக்கிறது, சொல்வதற்கு ஆளும் இருக்கிறது. அப்படியிருந்தும் அவளுக்கு வந்தால் அது விதியில்லை, நாம் செய்தது. நாளைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து, உன்னைப்போல ஒரு காகிதத்தை மடித்து மார்க் ஷீட்டுக்குப் பின்னால் வைக்குமானால், அதைத் தாங்க என்னால் முடியாது.

உனக்கும் ஒன்று. போன வாரம் போனில் கணுக்கால் வீங்கியிருக்கிறது, ஷட்டில் ஆடினேன், வலிமாத்திரை போட்டேன் என்றாய். ஷட்டிலாகவே இருக்கட்டும். ஆனால் இனி எந்த டாக்டரின் முன் உட்கார்ந்தாலும், பல்லானாலும் முழங்காலானாலும், முதல் வாக்கியமாக இதைச் சொல். அவர் கேட்பதற்குக் காத்திருக்காதே. கல்லீரல், சிறுநீர், வைரஸின் அளவு எல்லாவற்றையும் பார். மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று அவர்கள் சொல்லட்டும். வருடத்துக்கு இரண்டு முறை பரிசோதனைக்கு வா, நானும் அதே இடத்துக்குத்தான் போகிறேன், சேர்ந்து போவோம்.

அப்பாவிடம் நேற்று போனில் சொல்லிவிட்டேன், உன் காகிதத்தைக் கண்டதையும், இனி மறைக்க மாட்டேன் என்பதையும். கத்துவார் என்று நினைத்தேன். குரல் உடைந்துதான் வந்தது. "இப்ப எதுக்குக் கெடந்து வெப்ராளப்பட்டுப் பதறுக? பயலுக்க கல்யாணம் முடியட்டும், பொறவு பைய சொல்லுவோம்" என்றார். "பொறவு சொன்னா அது சொல்றதில்ல, மாட்டிக்கிடுறது" என்றேன். "அவங்க முறிச்சிட்டாங்கன்னா?" "முறிக்கட்டும். தெரிஞ்சு முறிக்கட்டும். தெரியாம வந்து முறியவேண்டாம்." "நான்தானட்டி அன்னைக்கு மூச்சு விடாதன்னேன்" என்றார். "நானும்தான் விடல" என்றேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நாங்கள் இவ்வளவு உண்மையாகப் பேசியது கொஞ்சம்தான்.

அவளுடைய அப்பா ஆழ்கடலுக்குப் போயிருக்கிறார், படகு வெள்ளிக்கிழமை கரைக்கு வருகிறது, சனிக்கிழமை வீட்டில் இருப்பார். சனிக்கிழமை காலை நான் வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் ஏறி இனயம் போகிறேன். போவது உறுதி. உன் ரத்தத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன், அதற்கு எனக்கு உரிமையில்லை. என் ரத்தத்தைப் பற்றிச் சொல்வேன். அவளைக் கூப்பிட்டு, அது கொசுக்கடி இல்லை மக்களே என்று சொல்லிவிட்டு, கணுக்காலுக்கு மேலே சேலையைத் தூக்கிக் காட்டுவேன். உங்கள் மகனுக்கு எப்படி என்று அவர்கள் கேட்டால், அதை அவன்தான் சொல்ல வேண்டும், அவனிடம் கேளுங்கள் என்பேன். நீ வாய் திறக்காவிட்டால், மூன்றாம் ஓலையை நிறுத்தி வைக்கும்படி ஃபாதரிடம் போய்க் கேட்பேன். காரணம் சொல்ல மாட்டேன். ஆனால் நிறுத்துவேன். உன்மேல் கோபத்தினால் அல்ல. கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசிக்கிறார்களே, அந்த ஆள் நான்தான்.

உன் பெயரையும் அவள் பெயரையும் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எல்லாம் முடிந்தபின் நீங்கள் இரண்டு பேரும் சம்மதித்தால் இதை மற்றவர்களும் படிக்கட்டும். நம் மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் எத்தனை சேலைகளுக்கு அடியில் இந்த முத்திரை கிடக்கிறதோ, யாருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை இங்கே வந்து சேர்கிற ரயிலில் நீ ஏறுவதற்கு முன்பே இது கிடைக்க வேண்டும் என்று இன்றே கூரியரில் அனுப்புகிறேன். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வா. என்னிடம் கத்த வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து கத்து, கேட்டுக்கொள்கிறேன், எனக்கு வர வேண்டியதுதான். சனிக்கிழமை எட்டே கால் பஸ்ஸுக்கு எட்டு மணிக்கு ஸ்டாண்டில் நிற்பேன். என் காகிதத்தைச் சேலைக்கு அடியிலிருந்து எடுத்துக் கைப்பையில் வைத்துவிட்டேன். உன்னுடையது அது இருந்த இடத்திலேயே, மார்க் ஷீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதை நான் தொட மாட்டேன். நீதான் எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

அம்மா